போனோடு வளர்ந்த பிள்ளைகள் கல்லூரியில் எப்படிப் படிக்கிறார்கள்? கொடைக்கானல் மலையிலிருந்து சில கேள்வி பதில்கள்

கொடைக்கானல் மலையில் ஒரு கல்லூரியில் 22 வருடமாகத் தாவரவியல் நடத்துகிறேன். அட்மிஷன் சமயத்திலும், பெற்றோர் கூட்டத்திலும், வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறும் பஸ்ஸில் பக்கத்து சீட்டிலும் என்னிடம் கேட்கப்படுபவை பெரும்பாலும் இவைதான். வாயால் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நீளும், சில நாலு வரியில் முடியும்.

கைக்குழந்தையிலிருந்தே போனோடு வளர்ந்தவர்கள். இவர்கள் கற்கும் விதமே வேறுதானே, மேடம்?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான், அதுவும் பதில் ஏற்கெனவே தெரிந்த தோரணையில். என் பதில்: பழக்கங்கள் மாறியிருக்கின்றன, கற்கும் விதம் மாறவில்லை. பாடத்தைத் தேடும் வழி, சந்தேகம் கேட்கும் வழி, நேரத்தைத் தொலைக்கும் வழி எல்லாம் புதுசு. ஆனால் ஒரு விஷயம் மண்டையில் ஏறி நிற்க என்ன வேண்டுமோ அது பழசுதான். கவனம் வேண்டும், படித்ததை அடிக்கடி நினைவிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும், தப்பைச் சுட்டிக்காட்ட ஓர் ஆள் வேண்டும். எனக்கும் 2007-இல் பிறந்த என் மாணவிக்கும் இது பொது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலைமுறைக்குத் தலைமுறை இருக்கும் வித்தியாசத்தைவிட, ஒரே வகுப்பில் முதல் பெஞ்சுக்கும் மூன்றாவது பெஞ்சுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் பெரிது. கீழே அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

அப்படியானால் ‘டிஜிட்டல் நேட்டிவ்’ என்று எல்லாரும் சொல்கிறார்களே?

2001-இல் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கக் கல்வி எழுத்தாளர் ஒரு கட்டுரை எழுதினார். கம்ப்யூட்டருக்கும் வீடியோ கேமுக்கும் இணையத்துக்கும் நடுவே பிறந்து வளர்ந்தவர்கள் ‘டிஜிட்டல் நேட்டிவ்’, வயதான பிறகு அதற்குள் வந்தவர்கள் ‘டிஜிட்டல் இமிக்ரன்ட்’ என்று பெயர் வைத்தார். நம் பேச்சில் சொன்னால் முன்னவர் மண்ணின் மைந்தர், பின்னவர் பிழைக்க வந்தவர். மைந்தர்கள் தகவலைச் சட்டென்று வாங்கிக்கொள்வார்கள், ஒரே நேரத்தில் நாலு வேலை பார்ப்பார்கள், எழுத்தைவிடப் படத்தைக் கேட்பார்கள். பிழைக்க வந்த ஆசிரியர்களோ பழைய பாஷையிலேயே பாடம் நடத்துகிறார்கள், கல்வியின் பெரிய பிரச்சினையே அதுதான் என்றார். அவருக்கு முன்பே டான் டாப்ஸ்காட் என்பவர் 1990-களின் பின்பாதியில் ‘நெட் ஜெனரேஷன்’ என்று கிட்டத்தட்ட இதே தொனியில் எழுதியிருந்தார்.

பிரென்ஸ்கி யாரையும் அளந்து பார்த்து எழுதவில்லை. அது ஒரு கருத்துக் கட்டுரை. பெயர் நன்றாக அமைந்துவிட்டதால் ஊர் முழுக்கப் பரவியது. அவர் சொன்ன மைந்தர்களில் மூத்தவர்கள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர்கள், அதாவது 1980 வாக்கில் பிறந்தவர்கள். இன்றைக்கு அவர்களுக்கு 45 வயது. அவர்களில் பலர் என்னைப் போல ஆசிரியர்களாகி, ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து “இந்தக் காலத்துப் பசங்க வேற மாதிரி” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பிரென்ஸ்கியே 2009 வாக்கில் அந்தப் பிரிவினையை விட்டுவிட்டு ‘டிஜிட்டல் விஸ்டம்’ என்று வேறு பேச ஆரம்பித்தார்.

அந்த 2001-இல் எங்கள் மலையில் மூஞ்சிக்கல் எஸ்டிடி பூத்துக்கு வெளியே வரிசையில் நிற்பார்கள். மைந்தர்கள் இங்கே பிறக்கவே இல்லை.

யாராவது சோதித்துப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். 2008-இல் ஆஸ்திரேலியாவில் சூ பென்னட், கார்ல் மேட்டன், லிசா கெர்வின் என்ற மூவர் அதுவரை வந்திருந்த ஆதாரங்களை எடுத்து அலசினார்கள். ஒரு தலைமுறை முழுவதும் வேறு மாதிரி கற்கிறது என்று சொல்லும் அளவுக்கு அதில் சரக்கு இல்லை, பதற்றம்தான் அதிகம் என்று எழுதினார்கள். அதே ஆண்டில் கிரெகர் கென்னடி குழுவினர் மெல்போர்ன் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பு வெளிவந்தது. போன், இமெயில், இணையத்தில் தேடுவது ஆகிய அடிப்படைகளில் எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள். அதைத் தாண்டிப் போனதும் ஆளுக்கு ஆள் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஒரே வயது, ஒரே பல்கலைக்கழகம், ஆனாலும் அப்படி.

2018-இல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பல நாடுகளில் நடத்திய ஐசிஐஎல்எஸ் என்ற கம்ப்யூட்டர்த் திறன் சோதனையில், மேல்மட்டத்தை எட்டியவர்கள் 2 சதவீதம்தான். அவர்கள் எல்லாரும் திரையோடு வளர்ந்த பிள்ளைகள்.

ஆனால் என் மகன் போனில் என்னென்னவோ செய்கிறானே?

செய்வான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போன வருடம் மூன்றாமாண்டு மாணவன் ஒருவன், துறை விழா வீடியோவை பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பஸ் வருவதற்குள் முடித்துவிட்டான். எனக்கு அது ஏழு ஜென்மத்துக்கும் வராது.

அதே பையன் அடுத்த வாரம் புராஜெக்ட்டுக்காக லேபில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். 40 செடிகளின் உயரத்தை எக்செல்லில் வரிசையாக அடித்தான். சராசரி போடு என்றேன். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கால்குலேட்டரைத் திறந்து, திரையைப் பார்த்துப் பார்த்து 40 எண்களையும் கூட்டினான். நடுவில் ஓர் எண்ணை விட்டுவிட்டான், முதலிலிருந்து கூட்டினான். கடைசியில் வந்த விடையை எக்செல் கட்டத்துக்குள் கையால் அடித்தான். எக்செல்லே கூட்டிக் கொடுக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. அதை ஒரு தாள் மாதிரி நினைத்திருந்தான், கோடு போட்ட தாள்.

“ஃபைல் எங்கப்பா இருக்கு?” என்று கேட்டால் பாதிப் பேரின் பதில் “வாட்ஸப்பில் இருக்கு மேடம்.” ஃபோல்டர் என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டிய அவசியம் அவர்களுக்கு வந்ததில்லை. போனை வடிவமைத்தவர்கள் அதையெல்லாம் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் தினமும் போகிறவனுக்கு பஸ் ஓட்டத் தெரியும் என்று யாரும் நினைப்பதில்லை. போன் விஷயத்தில் மட்டும் நினைக்கிறோம்.

கூகுளில் தேடுவதிலாவது கெட்டிக்காரர்கள் இல்லையா?

வேகம் உண்டு. கிடைத்ததை நம்பலாமா வேண்டாமா என்று பார்ப்பது தனி வித்தை. அமெரிக்காவில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 10 வரலாற்று அறிஞர்கள், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் 10 பேர் என மூன்று தரப்பையும் உட்கார வைத்துச் சில இணையதளங்களை எடைபோடச் சொன்னார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தில் நேரம் செலவழிக்கவே இல்லை. உடனே வெளியே போய், இவர்கள் யார், பின்னணி என்ன என்று மற்ற இடங்களில் விசாரித்தார்கள். மாணவர்கள் அதே பக்கத்தில் மேலும் கீழும் ஓட்டி, லோகோ அழகாக இருக்கிறதா என்று பார்த்து ஏமாந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், வரலாற்று அறிஞர்களிலும் பலர் அப்படித்தான் ஏமாந்தார்கள். ஆக இது வயசுக் கணக்கில் வரவில்லை. யாரோ சொல்லிக் கொடுத்தால் வருகிற திறமை.

நம் ஊரில் பெண் பார்க்கப் போகும்போது அந்த வீட்டில் கேட்க மாட்டோம், பக்கத்துத் தெருவில் போய் விசாரிப்போம். வகுப்பில் இப்படிச் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

எங்கள் மலைப் பிள்ளைகளும் டவுன் பிள்ளைகளும் இதில் ஒன்றா?

ஒன்றே இல்லை. இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பேன்.

2017-18-இல் மத்திய அரசு எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியக் கிராமப்புற வீடுகளில் கம்ப்யூட்டர் இருந்தது 4.4 சதவீதத்தில். இணைய வசதி இருந்தது 14.9 சதவீதத்தில். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு எடுத்த கணக்கே இப்படி. இப்போது முதலாண்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஜியோ வந்தபோது எட்டு, ஒன்பது வயது. அப்போதும் வீட்டில் ஒரே போன், அது அப்பா கையில். அவர் தோட்டத்துக்குப் போனால் போனும் தோட்டத்துக்குப் போகும். இதுவா ‘பிறந்ததிலிருந்து டிஜிட்டல்’?

கொரோனா சமயத்தில் பல்கலைக்கழகத் தேர்வை வீட்டிலிருந்தே எழுதி, தாளைப் போட்டோ எடுத்து அப்லோட் செய்யச் சொன்னார்கள். கவுஞ்சிப் பக்கத்து மாணவி ஒருத்தி தேர்வு முடிந்த கையோடு ஒன்றரை கிலோமீட்டர் மேடேறி, ரோட்டு வளைவில் கைப்பிடிச் சுவர் மேல் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள். 17 பக்கம். 12-ஆம் பக்கத்தில் சுற்ற ஆரம்பித்த வட்டம் நிற்கவே இல்லை. மேகம் இறங்கி, தாவணி நனைந்து, தாளைத் துணிக்குள் மறைத்தபடி என்னைக் கூப்பிட்டு அழுதாள். அவள் வகுப்பிலேயே, மூஞ்சிக்கல்லில் லாட்ஜ் வைத்திருப்பவர் மகன் ஃபைபர் லைனில் அரை நிமிடத்தில் அனுப்பிவிட்டுத் தூங்கப் போயிருந்தான். இருவரும் பிறந்தது ஒரே வருடம். டவர் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதில்தான் வித்தியாசம்.

தொழில்நுட்பம் படிப்பைப் பாதிக்கிறதா என்றால், இந்த வகையில் நிச்சயம் பாதிக்கிறது. மூளைக்குள் போய் எதையும் மாற்றி அல்ல, வாசலிலேயே ஆளைப் பிரித்து நிறுத்தி.

மொழியும் இன்னொரு வேலி. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்கு போன் நன்றாகத் தெரியும். ஆனால் உயர்படிப்புக்கான நல்ல விஷயங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் கிடக்கிறது. தமிழில் பேசித் தேடினால் வருவது பத்தாம் வகுப்பு கைடு மட்டம்தான். ஐஐடிகள் சேர்ந்து இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்கள் சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு வந்திருக்கிறது. அப்படி ஒன்று இருப்பது என் மாணவர்களில் பலருக்கு நான் சொல்லித்தான் தெரிந்தது.

பிடிஎஃப் போதுமா, புத்தகம் வேண்டுமா?

கையில் காசு இருந்தால் முக்கியமான பாடத்துக்கு மட்டும் புத்தகம். இல்லையென்றால் ஜெராக்ஸ். 2000 முதல் 2017 வரை வந்த 54 ஆய்வுகளை, 1,70,000-க்கும் மேற்பட்ட ஆட்களின் முடிவுகளை, பாப்லோ டெல்கடோ குழுவினர் 2018-இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். தகவல் நிறைந்த பாடங்களைத் தாளில் படித்தவர்களுக்குத் திரையில் படித்தவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகப் புரிந்தது. நேரக் கெடு இருக்கும்போது அந்த வித்தியாசம் கூடியது.

எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. வருடம் ஆக ஆகத் திரைக்குப் பழகி வித்தியாசம் குறைந்திருக்க வேண்டுமல்லவா? கூடியிருக்கிறது. திரையோடு வளர்வதே திரையில் ஆழ்ந்து படிக்கக் கற்றுக்கொடுத்துவிடும் என்ற நம்பிக்கையை இந்த ஒரு முடிவே சாய்த்துவிடுகிறது. போனில் நாம் பழகுவது ஓட்டிக்கொண்டே போவதற்கு, அந்தக் கை பாடத்தையும் அப்படியே ஓட்டிவிடுகிறது.

நோட்ஸைக் கையால் எழுதணுமா, டைப் செய்யலாமா?

இதில் நான் கட்சி கட்ட மாட்டேன். பேனாவே உசத்தி என்று 2014-இல் முல்லர், ஓப்பன்ஹைமர் இருவரும் சொன்னது பெரிதாகப் பேசப்பட்டது. 2021-இல் வேறொரு குழு அதையே மறுபடி செய்து பார்த்தது. டைப் செய்பவர்கள் சொல்லுக்குச் சொல் அப்படியே அடிக்கிறார்கள் என்பது சரியாகத்தான் வந்தது. ஆனால் சோதனையில் மார்க் வித்தியாசம் வரவில்லை.

படம் மட்டும் கையால் வரையச் சொல்வேன், அதில் விட்டுக்கொடுப்பதில்லை. இலையின் குறுக்குவெட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து போனில் போட்டோ எடுத்தவளிடம் “எத்தனை அடுக்கு?” என்று கேட்டால் போட்டோவைத் தேடுகிறாள். வரைந்தவள் சொல்லிவிடுகிறாள். எங்கள் ஊர் சூரிய ஆய்வகம் 1899-இல் தொடங்கியது. அங்கே சூரியனைப் படம் எடுத்ததோடு விடவில்லை, கரும்புள்ளி முதலானவற்றை வண்ணப் பென்சிலால் தாளில் குறித்துவைக்கும் வழக்கத்தையும் நூறாண்டுக்கு மேல் நடத்தினார்கள். ரெக்கார்டு நோட்டைப் பார்த்து முணுமுணுக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்வேன்.

காதில் பாட்டு, கையில் வாட்ஸப், எதிரே புத்தகம். “எனக்கு இப்படித்தான் படிப்பு ஏறும்” என்கிறாள்.

ஏறாது. ஏறுவது போல இருக்கும். 2009-இல் ஸ்டான்ஃபோர்டில் ஓஃபிர், நாஸ், வாக்னர் மூவரும் சோதித்தபோது, ஒரே நேரத்தில் பல திரைகளில் மேய்கிறவர்கள்தான் வேண்டாததை ஒதுக்குவதிலும் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதிலும் பின்தங்கினார்கள். பழக்கம் கைகொடுத்திருக்க வேண்டிய இடத்திலேயே தோற்றார்கள். 2013-இல் கனடாவில் ஃபாரியா சனா குழுவினர் செய்த சோதனையில், வகுப்பு நடக்கும்போது லேப்டாப்பில் வேறு வேலையும் பார்த்தவர்களுக்கு 11 சதவீதம் மார்க் குறைந்தது. அவர்கள் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்த அப்பாவிகளுக்கு 17 சதவீதம் குறைந்தது. இதைப் படித்த பிறகு நான் போன் பார்ப்பவனைத் திட்டுவதில்லை, கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிடுகிறேன்.

13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் மாணாக்கர் வகைகளுக்கு உவமை வரும். அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி. ஆடு எந்தச் செடியிலும் வயிறார மேயாது, ஒரு வாய் கடித்துவிட்டு அடுத்ததுக்குத் தாவும். ரீல்ஸ் இல்லாத காலத்திலேயே ஆடு இருந்திருக்கிறது.

யூடியூப் பார்த்தே பாஸ் பண்ணிவிடலாம் என்கிறான். அவன் ‘விஷுவல் லேர்னர்’ என்று ஸ்கூலில் சொன்னார்களாம்.

இரண்டு விஷயம். ‘விஷுவல் லேர்னர்’, ‘ஆடிட்டரி லேர்னர்’ என்று பிரித்து அதற்கேற்பப் பாடம் நடத்தினால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று 2008-இலேயே ஹரோல்டு பாஷ்லர் உள்ளிட்ட உளவியலாளர்கள் அலசிச் சொல்லிவிட்டார்கள். வேர் எப்படி இருக்கும் என்பதை எல்லாருக்கும் படம் காட்டித்தான் விளக்க வேண்டும், குயில் எப்படிக் கூவும் என்பதை எல்லாருக்கும் காதில்தான் கேட்க வைக்க வேண்டும்.

அடுத்தது வீடியோ. நல்ல வீடியோ நல்ல ஆசிரியருக்குச் சமம், சில சமயம் எனக்கு மேலே. ஒளிச்சேர்க்கைக்கு நானே போட்டுக் காட்டுகிறேன். சிக்கல், பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருப்பதில்தான். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களிடம் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு தரப்பு அதைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு தரப்பு ஒரு முறை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான். ஆனால் “எனக்கு நன்றாக நினைவிருக்கும்” என்று தைரியமாகச் சொன்னவர்கள் திரும்பத் திரும்பப் படித்த கூட்டம்தான். வீடியோவை 1.5 வேகத்தில் மூன்று முறை ஓட்டிவிட்டு ஹாலுக்கு வரும் என் மாணவர்களின் முகத்தில் அதே தைரியத்தைப் பார்த்திருக்கிறேன்.

பழைய ஒப்பித்தல் முறையை நாம் கிண்டல் செய்கிறோம். புரியாமல் ஒப்பிப்பது வீண்தான். ஆனால் புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பார்ப்பது என்ற பாதி சரியான பாதி. வீணானதோடு சேர்த்து அதையும் கொட்டிவிட்டோமோ என்று எனக்குத் தோன்றும்.

ஏஐ வந்துவிட்டதே, இனி படிக்கவே வேண்டாமா?

அசைன்மென்ட் எழுத வேண்டாம் என்ற நிலை ஏற்கெனவே வந்துவிட்டது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே தொடக்கம், ஒரே முடிவுரை, ஒரே பிழையோடு ஒரு செமஸ்டரில் 11 தாள் வந்தது. அதிலிருந்து அசைன்மென்ட்டுக்கு இன்டர்னல் மார்க்கைக் குறைத்துவிட்டு, ஐந்து நிமிட வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, வைத்துவிட்டேன்.

துருக்கியில் கிட்டத்தட்ட ஆயிரம் பள்ளி மாணவர்களிடம் கணக்குப் பாடத்தில் ஒரு சோதனை நடந்தது. கல்லூரி இல்லை, ஆனால் பொருந்தும். சாதாரண சாட்ஜிபிடி போன்ற வசதி கிடைத்தவர்கள் பயிற்சிக் கணக்குகளை மற்றவர்களைவிட 48 சதவீதம் நன்றாகப் போட்டார்கள். பிறகு அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அது கிடைக்காமலே இருந்தவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். விடையைத் தராமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த இன்னொரு வடிவத்தில் இந்தச் சேதம் பெரும்பாலும் இல்லை. ஆகவே “விடையைச் சொல்” என்று கேட்காமல் “என்னைக் கேள்வி கேள்” என்று கேட்கச் சொல்கிறேன். கேட்கிறார்களா என்றால், தேர்வுக்கு முந்தின வாரம் கேட்கிறார்கள்.

அப்போது நல்லது எதுவுமே இல்லையா? எல்லாம் குறைதானா?

இருக்கிறது. வகுப்பில் மூன்று வருடம் வாயே திறக்காத பெண் பிள்ளைகள் ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸப்பில் அற்புதமான சந்தேகம் கேட்கிறார்கள். தன் தோட்டத்தில் முளைத்த ஒரு களையைப் போட்டோ எடுத்து, “மேடம் இது புத்தகத்தில் இருக்கிறதா?” என்று பண்ணைக்காட்டிலிருந்து ஒருத்தி அனுப்பினாள். 22 வருடத்துக்கு முன்னால் அந்தக் களையும் வராது, அந்தக் கேள்வியும் வராது. 1984-இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் எங்கள் மலையில் அட்டுவம்பட்டியில்தான் இருக்கிறது. அங்கேயோ வேறெங்கேயோ மேற்படிப்புக்குப் போகலாம், இந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை அப்பா அம்மாவுக்கு முன்பாகப் பிள்ளைகளே தெரிந்துகொண்டு வருகிறார்கள். இது சின்ன விஷயம் இல்லை.

போனா, லேப்டாப்பா? எதை வாங்கித் தர?

போன் ஏற்கெனவே இருக்கும். பட்ட மேற்படிப்பு, கணக்கு, கணினி என்றால் லேப்டாப் தேவைப்படும், பழையது போதும். 2011 செப்டம்பரிலிருந்து சில வருடம் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. பேட்டரி செத்திருக்கும், சார்ஜரோடு ஓடும். கடன் வாங்கிப் புதுசு வாங்க வேண்டாம்.

ஆசிரியர்கள்தானே மாற வேண்டும்?

மாற வேண்டும்தான், ஆனால் கருவி விற்பவர் சொல்கிறபடி இல்லை. பள்ளிகளில் புத்தகமே இல்லாமல் போய்விடும், இனி எல்லாம் சினிமாப் படம்தான் என்று 1913-இல் எடிசன் சொன்னார். 1984-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி தூர்தர்ஷனில் கல்லூரிப் பாடம் ஒளிபரப்பத் தொடங்கியபோதும் இப்படித்தான் எதிர்பார்த்தார்கள். எங்கள் துறைக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வந்தது. முதல் மழைக்காலத்தில் ஈரம் குடித்துப் படுத்துவிட்டது. கம்பெனிக்காரர் மலையேறி வர நாலு மாதம் ஆனது. இப்போது அதன் மேல் டைம்டேபிள் ஒட்டியிருக்கிறோம். எனக்கு உண்மையில் பலன் கொடுத்த மாற்றம், ஒவ்வொரு வகுப்பின் முதல் ஐந்து நிமிடம், நேற்று நடத்தியதிலிருந்து மூன்று கேள்வியைத் துண்டுத்தாளில் எழுதச் சொல்வது. செலவு, ஒரு பழைய நோட்டு.

எனக்கு போனில் பேச மட்டும்தான் தெரியும். காலேஜ் படிக்கும் மகளுக்கு நான் எப்படி உதவ முடியும்?

பூம்பாறையிலிருந்து வந்த ஒரு பூண்டு விவசாயி கேட்டார், கையைக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு. அன்றன்று என்ன நடத்தினார்கள் என்று ராத்திரி உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள், புரியவில்லையென்றால் விடாமல் கேளுங்கள் என்றேன். அதே நன்னூலில் இதற்கும் கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் தங்கும், உடன் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால், அடுத்தவருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரை வரும். கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆளுக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். அடுப்புக்கு மேலே புகையில் பூண்டுக் கட்டுகள் தொங்க, ரேடியோவில் கோடை பண்பலை ஓட, அப்பா கீழே உட்கார்ந்து பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தாராம். இவள் தட்பப்பதனம் பற்றிச் சொல்லியிருக்கிறாள், சில செடிகள் பூக்க வேண்டுமானால் முதலில் குளிர் பட வேண்டும் என்று. அவர் ரேடியோவை நிறுத்திவிட்டு, “பூண்டுக்கும் அப்படித்தானா? கீழே வத்தலக்குண்டில் நட்டால் பல் பிரியாதா?” என்று கேட்டிருக்கிறார். “எனக்குத் தெரியலை மேடம். போனில் தேடினேன், சமையல் குறிப்பா வருது” என்றாள்.

எனக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை. இருவரும் லைப்ரரிக்குப் போய்த் தேடினோம். பூண்டு பல் பிரிவதற்கும் குளிர் வேண்டும். அது போதாத இடத்தில் பிரியாமல் ஒற்றைப் பூண்டாகவே நின்றுவிடுவதுண்டு. அன்றைக்கு ராத்திரி அவள் அதை வீட்டில் சொன்னபோது, அடுத்த கேள்வி தயாராக இருந்ததாம்: எத்தனை நாள் குளிர்?